ஓர் அறையின் கதவு: நியூயார்க்கில் அம்பேத்கரின் முதல் நாட்கள்

1913ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் மூன்றாம் வாரத்தில், இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் நியூயார்க் நகரில் கப்பலிலிருந்து இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகளுள் ஒன்றான ஹார்ட்லி மண்டபத்தில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது. தந்தையை அடக்கம் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பம்பாயில் இளம் மனைவி ரமாபாயையும், ஒரு வயது நிரம்பாத மகன் யஷ்வந்தையும் விட்டு வந்திருந்தார். கடல் கடந்த நாட்டில் கல்வி கற்க வந்த தீண்டப்படாதோர் மிகச் சிலரே என்ற காலத்தில், மகர் சாதியில் பிறந்த பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அந்த விடுதியின் படிகளில் ஏறினார்.

அம்பேத்கரின் அமெரிக்க வாழ்க்கை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை பட்டங்களும் பாடங்களும் பேராசிரியர்களும்தான். பொருளாதாரத்தில் 29 பாடங்கள், வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, அவற்றோடு பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தொடக்கநிலைப் பாடங்கள் என்ற பட்டியலை அம்பேத்கர் பிறந்தநாள் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தப் பட்டியலுக்குக் கீழே மறைந்து கிடப்பது மிகச் சாதாரணமான ஒரு செய்தி. அந்த மனிதர் எங்கே தங்கினார், யாரோடு உண்டார், யாரோடு அறையைப் பகிர்ந்து கொண்டார் என்பதே அது. சாதி இந்து ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் இவை அடிக்குறிப்புக்குரிய விவரங்களாக இருக்கலாம். அம்பேத்கரின் வாழ்வில் அப்படி இல்லை. தங்கும் இடம் என்பது அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஓர் அரசியல் கேள்வியாகவே இருந்தது.

நியூயார்க்கிற்கு வருவதற்கு முன் அவர் கண்ட தங்குமிடங்களைப் பார்த்தால் இது விளங்கும். 1901இல், பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, கோரேகாவில் காசாளராகப் பணிபுரிந்த தந்தையைக் காண அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் சதாராவிலிருந்து ரயிலேறினார். மசூர் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளின் நல்ல உடையைப் பார்த்து நிலைய அதிகாரி முதலில் பரிவோடு பேசினார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போனார். வண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி தருவதாகவும், பிள்ளைகளே மாட்டை ஓட்டிக்கொள்வதாகவும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவதாகவும் பேரம் முடிந்த பிறகே வண்டி கிடைத்தது. கையில் நிறைய உணவு இருந்தும், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லாததால் அந்த இரவு பட்டினியோடு கழிந்தது. சுங்கச் சாவடியில் தம்மை இசுலாமியர் என்று சொல்லிக் கேட்டுப் பார்த்தும் தண்ணீர் கிடைக்கவில்லை.

பள்ளியில் அவர் உட்கார வீட்டிலிருந்து சாக்குத்துணி கொண்டு போக வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பள்ளிப் பணியாள் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. பம்பாய் பரேல் பகுதியில் குடும்பம் வாழ்ந்தது ஒரே ஓர் அறையில். பாத்திர பண்டங்கள், விறகு, திரிகைக்கல், ஓர் ஆடு ஆகியவற்றுக்கு நடுவே இரவு முன்னேரத்தில் உறங்கி, இரண்டு மணிக்குத் தந்தை எழுப்பிவிட, மண்ணெண்ணெய் விளக்கில் படித்துத் தேறியவர் அவர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அங்கிருந்த உணவகக்காரர் அவருக்குத் தேநீரோ தண்ணீரோ தர மறுத்தார். தனக்கென ஓர் அறை, பிறரோடு ஒரே மேசை என்பவை அந்த இளைஞர் பிறந்த நாட்டில் அதுவரை அவருக்கு வாய்த்ததில்லை.

1912இல் இளங்கலைப் பட்டம் பெற்று, 1913 ஜனவரியில் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2ஆம் நாள் ராம்ஜி சக்பால் மறைந்தார். அதன் பின்னரே பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்காவுக்கு உயர்கல்விக்காக அனுப்பும் மாணவர்களுள் ஒருவராக அம்பேத்கரைத் தெரிவு செய்தார். மூன்றாண்டுகளுக்கு மாதம் 11.5 பவுண்டு உதவித்தொகை. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். ஜூன் மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதம் நியூயார்க்.

ஹார்ட்லி மண்டபத்தில் அவர் ஒரு வாரமே இருந்தார். அங்கு பரிமாறப்பட்ட உணவு ஒத்துவரவில்லை. மாட்டிறைச்சியும், பக்குவம் தவறிய சமையலும் அவருக்குப் பிடிக்கவில்லை என்று வாழ்க்கை வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இதைப் படித்ததும் இன்றைய தோழர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உணவு உரிமைக்காகப் போராடும் நம் காலத்தின் அளவுகோலை, ராம்ஜி சக்பாலின் கபீர்பந்தி வீட்டில் வளர்ந்து, முதன்முறையாக ஊர் தாண்டிய ஓர் இளைஞரின் நாக்கின்மீது வைத்துப் பார்ப்பது நியாயமன்று. வெளியூர் விடுதியில் முதல் வாரம் சோறு இறங்காமல் தவித்த எந்த மாணவருக்கும் அந்த நாட்கள் புரியும். எவரும் அவரை அந்த மேசையிலிருந்து எழுந்து போகச் சொல்லவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பிடிக்காத உணவை மறுக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. அதுவரை மறுக்கும் உரிமை எப்போதும் எதிர்ப்பக்கத்திலேயே இருந்து வந்தது.

அங்கிருந்து மேற்கு 114ஆம் தெரு 554ஆம் எண்ணில் இருந்த காஸ்மோபாலிட்டன் மன்றத்துக்குக் குடிபெயர்ந்தார். இந்திய மாணவர்கள் சிலர் அங்குத் தங்கியிருந்தனர். இத்தகைய மன்றங்கள் அன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிதாகத் தோன்றியவை. அயல்நாட்டு மாணவர்களின் தனிமையே அவற்றின் பிறப்புக்குக் காரணம். நியூயார்க்கில் அந்த முயற்சிக்குத் தொடக்கமாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். 1909இல் கொலம்பியா நூலகப் படிகளில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்கு ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் காலை வணக்கம் சொன்னார். நகருக்கு வந்து மூன்று வாரங்களில் தம்மிடம் பேசிய முதல் மனிதர் அவர்தான் என்று அந்த மாணவர் கூறியது எட்மண்ட்ஸை உலுக்கியது. அவரும் அவர் மனைவியும் ஞாயிறு மாலைகளில் அயல்நாட்டு மாணவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து விருந்தளிக்கத் தொடங்கினர். அது வளர்ந்து 1924இல் சர்வதேச இல்லம் என்ற பெரும் விடுதியாக உருப்பெற்றது. இன்று மாணவர் பரிமாற்றத் திட்டங்களில் அயல்நாட்டு மாணவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களின் வழக்கத்திற்கு இத்தகைய ஞாயிறு விருந்துகளும் ஒரு முன்னோடி.

அந்தச் சீன மாணவரின் துயரம் யாரும் பேசாததன் துயரம். அம்பேத்கருக்கும் அயலூரின் தனிமை இருந்திருக்கும். ஆனால் அவர் ஊரில் அவரை எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பதே அவருடைய துன்பத்தின் ஊற்று. யாரென்று எவருக்கும் தெரியாத தெருவில் நடப்பது மற்ற இந்திய மாணவர்களுக்கு ஓர் இழப்பு என்றால், அவருக்கு அது முதல் ஓய்வு. ஒரே கப்பலில் வந்திறங்கிய இரண்டு இந்தியர்கள் ஒரே நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது.

மன்றத்திலிருந்து இறுதியாக லிவிங்ஸ்டன் மண்டபத்துக்குச் சென்றார். அங்கே நவல் பத்தேனா என்ற பார்சி மாணவர் அவருடைய அறைத்தோழரானார். இருவரும் வாழ்நாள் முழுவதும் நண்பர்களாக இருந்தார்கள். பத்தேனாவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான்கே ஆண்டுகளில், வேறு பார்சிகளின் நடுவே நடந்த ஒரு நிகழ்ச்சியை இந்த நட்பின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் சில மாதங்களில் அவர் பெரிதாகப் படிக்கவில்லை. இதைச் சொல்ல நம் பேச்சாளர்கள் தயங்குகிறார்கள். தெருக்களில் உலாவுவது, நண்பர்களோடு பேசுவது, விளையாடுவது என்று நாட்கள் ஓடின. எனக்கு அந்த மாதங்களின்மீது தனி மதிப்பு உண்டு. குழாயைத் திறக்க ஆளுக்காகக் காத்திருந்த சிறுவன், தானே நீரெடுத்துக் குடிக்கவும், விரித்த துணியுடைய மேசையில் மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ணவும், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் நடக்கவும் கற்றுக்கொண்ட மாதங்கள் அவை. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பாடத்துக்கும் காலம் தேவைப்பட்டது.

பின்னர் ஓர் இரவு, தூக்கம் வராமல், வீட்டை எண்ணிப் பார்த்தார். தம்மை நம்பி ஊரில் அரை வயிறு உண்ணும் குடும்பம், தம் மீது நம்பிக்கை வைத்து அனுப்பிய மன்னர், கணக்கில் கரைந்துகொண்டிருக்கும் மூன்றாண்டுகள் எல்லாம் கண்முன் வந்தன. அன்றிலிருந்து அவர் வேறு மனிதர். கோடை விடுமுறைகளிலும் பாடம் படித்தார். நாளின் பெரும்பகுதியை நூலகம் எடுத்துக்கொண்டது. ஒரு வேளை உணவில் மிச்சம் பிடித்தார். உதவித்தொகையில் ஒரு பகுதி பம்பாய்க்குப் போனது. எஞ்சிய காசு பழைய புத்தகக் கடைகளுக்குப் போனது. ஏறத்தாழ 2000 நூல்களை அவர் நியூயார்க்கில் சேர்த்தார் என்பர்.

நியூயார்க் வந்த புதிதில் தந்தையின் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் பற்றிய செய்தி கிடைக்கிறது. பிள்ளைகளின் வாழ்வைத் திசைதிருப்பும் ஆற்றல் பெற்றோருக்கு உண்டு என்றும், ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளுக்கும் கல்வி தந்தால் நம் மக்களின் முன்னேற்றம் விரைவுபடும் என்றும் அதில் வலியுறுத்தியிருந்தார். ஆணும் பெண்ணும் கல்விச்சாலைகளுக்குப் போய்வரும் நகரத்தில் இருந்துகொண்டு, எழுத்தறியாத ரமாபாயை விட்டு வந்த ஒருவர் எழுதிய கடிதம் அது. அந்த வரிகளுக்குப் பின்னால் ஒரு குறுகுறுப்பும் இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. கணவர் அயல்நாட்டில் படித்த ஆண்டுகளின் விலையைப் பம்பாயில் செலுத்தியவர் ரமாபாய். அவருடைய அந்த நாட்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு. விடுதி அறைக்கு முகவரி இருந்ததால் அது வரலாற்றில் பதிந்தது. அவர் குடியிருந்த அறைக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

இவ்வளவையும் சொன்னபின், அமெரிக்கா சமத்துவ நாடு என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக் கூடாது. கொலம்பியா நிற்கும் மேட்டிலிருந்து மார்னிங்சைடு பூங்காவின் வழியே கிழக்கே இறங்கினால் ஹார்லெம். அம்பேத்கர் வாழ்ந்த ஆண்டுகளில் கறுப்பின மக்கள் அங்கு மேன்மேலும் குடியேறிக்கொண்டிருந்தனர். நகரின் மற்றப் பகுதிகளில் அவர்களுக்கு வீடு தருவார் அரிது. அம்பேத்கருக்குத் திறந்த விடுதிக் கதவு அந்நாட்டின் குடிமக்களுக்கே எளிதில் திறக்கவில்லை. ஹார்ட்லி, லிவிங்ஸ்டன் விடுதிகளுக்கு முன்னால் விரிந்து கிடப்பது தெற்குத் திடல். 1924இல், அருகிலிருந்த ஃபர்னால்டு விடுதியில் ஃபிரடெரிக் வெல்ஸ் என்ற கறுப்பின மாணவர் அறை எடுத்துத் தங்கியதற்காக, அந்தத் திடலில் சிலுவை எரிக்கப்பட்டது. மிரட்டல்கள் வந்தன. வெல்ஸ் அறையைக் காலி செய்ய மறுத்துவிட்டார். அம்பேத்கர் அங்கிருந்து சென்று எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆக, நியூயார்க்கில் அவருக்குக் கிடைத்த சமத்துவம் ஒரு விருந்தாளியின் சமத்துவம். அந்த நாட்டின் படிநிலையில் அவருக்கென ஒதுக்கப்பட்ட இடம் எதுவும் இல்லாததால் கிடைத்த விலக்கு அது. அவர் பிற்காலத்தில் கறுப்பின மக்களின் அடிமை வரலாற்றைத் தீண்டாமையோடு ஒப்பிட்டு எழுதியதும், 1946இல் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவையில் கறுப்பின மக்கள் அளித்த மனு குறித்து விசாரித்ததும், அந்நாட்டைக் கண்மூடி வியந்தவர் செய்யும் செயல்கள் அல்ல.

தொலைவு அவருக்கு இன்னொன்றையும் தந்தது. 1916 மே 9ஆம் நாள், அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகள் பற்றிய தம் கட்டுரையை அவர் வாசித்தார். சாதியின் இயங்குமுறையையும் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்த கட்டுரை அது. அகமணமே சாதியின் அடித்தளம் என்றும், சதி, கட்டாய விதவைமை, குழந்தை மணம் ஆகியவை அந்த அகமணத்தைக் காக்க உருவான ஏற்பாடுகள் என்றும் அதில் நிறுவினார். சாதியால் அவமதிக்கப்பட்ட ஒருவர், அதே சாதியை மேசைமேல் கிடத்தி அறுத்துப் பார்க்கும் ஆய்வாளராக அந்த அறையில் நின்றார். இந்துக்கள் உலகின் பிற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகச் சிக்கலாகும் என்று கேட்கர் எழுதியதை அக்கட்டுரையில் அவர் எடுத்தாள்கிறார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கேட்கரும் அமெரிக்காவில் இந்திய மாணவராக இருந்தவரே. சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது 2023 பிப்ரவரியில்.

1916 ஜூனில் அவர் லண்டன் சென்றார். கிரேஸ் இன்னிலும் லண்டன் பொருளியல் பள்ளியிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. போர்க்காலம். அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பல் தாக்குதலில் மூழ்கியது. அவர் வேறு கப்பலில் வந்ததால் உயிர் பிழைத்தார். ஒப்பந்தப்படி செப்டம்பரில் பரோடாவுக்குப் போனார்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற பொருள்படும் தலைப்புடைய அந்தச் சிறு நூல் அவர் மறைவுக்குப் பின் 1990இல் வெளிவந்தது. தீண்டாமை என்றால் என்னவென்று அயல்நாட்டினருக்கு விளங்க வைக்க எழுதப்பட்ட அந்த நூலில் அமெரிக்க விசாவைப் பற்றியோ பிரிட்டிஷ் விசாவைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எல்லாம் சொந்த நாட்டில் நுழைவு மறுக்கப்பட்ட கதைகளே. மேலே சொன்ன மசூர் மாட்டுவண்டிப் பயணமும் அதில்தான் இருக்கிறது.

பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியபோதுதான், எங்கே போவது என்ற கேள்வி அவர் முன் எழுந்தது. அயல்நாட்டில் கழிந்த ஆண்டுகள், தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே துடைத்திருந்தன என்று அவர் எழுதுகிறார். இந்து உணவு விடுதிகளில் இடம் கிடைக்காது என்பது தெரியும். அந்த ஊரில் அவருக்கு நண்பர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் படித்தபோது அறிமுகமானவர்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று எண்ணிப் பார்த்தார். வந்தவரைச் சேர்த்துக்கொள்ளவும் முடியாமல் விலக்கவும் முடியாமல் அவர்கள் சங்கடப்படக்கூடும் என்ற அச்சம் அவரைத் தடுத்தது. நியூயார்க்கில் ஒரே மேசையில் உண்டவர்கள் பரோடாவில் தம்மை வீட்டுக்குள் விடுவார்களா என்று அவரால் உறுதியாக நம்ப முடியவில்லை. அந்த நண்பர்கள் அயல்நாட்டில் காட்டிய தோழமை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அளந்து பார்க்க அவர் துணியவில்லை. அந்த ஐயத்துக்கு அடிப்படை இருந்தது என்பதைப் பின்வந்த நாட்கள் காட்டின.

பார்சி சத்திரம் ஒன்று இருப்பதை அறிந்து அங்குப் போனார். பார்சி அல்லாதாருக்கு அங்கு இடமில்லை. நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையும், பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரும் என்ற ஏற்பாட்டில் மேற்பார்வையாளர் இடம் தந்தார். மாடியில் ஒரு சிறு படுக்கையறை. சுற்றிலும் உடைந்த தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்த இருண்ட கூடம். இரவில் ஒற்றை அரிக்கேன் விளக்கு. பேச ஒரு மனிதர் இல்லை. லிவிங்ஸ்டன் மண்டபத்தில் தம் சொந்தப் பெயரோடு ஒரு பார்சியின் அறைத்தோழராக வாழ்ந்தவர், இங்கே ஒரு பார்சியின் பெயருக்குள் ஒளிந்து வாழ்ந்தார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்து அவர் மேசைமேல் எறிந்தார்கள்.

பதினொன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் வேளையில், கையில் தடியுடன் பார்சிகள் பத்துப் பன்னிரண்டு பேர் மாடிக்கு ஏறி வந்தனர். சத்திரத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கத்தினர். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று எச்சரித்துப் போயினர். அவர் இரண்டு நண்பர்களிடம் அடைக்கலம் கேட்டார். ஒருவர் இந்து. தம் வீட்டில் சேர்த்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறித்தவராக மாறிய பார்ப்பனர். மனைவியைக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். அவர் பதில் சொல்லும் வரை காத்திருக்க நேரம் இல்லை. பம்பாய் ரயில் இரவில்தான். அதுவரை இருக்க இடமின்றி, ஊர் எல்லையில் இருந்த கமாதி பூங்காவில் அந்தச் சில மணி நேரத்தைக் கழித்தார். மன்னர் ஒருவர் செலவு செய்து கடல் கடந்து அனுப்பிய மாணவருக்கு, அதே மன்னரின் தலைநகரில் ஓர் அறை கிடைக்கவில்லை. சாயாஜிராவைக் குறை சொல்லிப் பயனில்லை. உதவித்தொகை அவர் ஆணைக்குக் கட்டுப்பட்டது. ஊரில் உள்ள வாசற்படிகள் கட்டுப்படவில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1920 ஜூலையில், விட்டுவந்த படிப்பை முடிக்க அவர் மீண்டும் லண்டனுக்குக் கப்பலேறினார். சிடனம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, அவற்றோடு 5000 ரூபாய்க் கடன். கடன் கொடுத்தவர் நவல் பத்தேனா.

லண்டனில் அவர் தங்கிய வீடு நியூயார்க் விடுதியைப் போன்றதன்று. வாடகைக்கு அறை விட்டு உணவும் தந்த அந்த வீட்டுப் பெண்மணி கடுமையானவர், கஞ்சத்தனம் மிக்கவர். காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது ஜாம், சிறு மீன் துண்டு, ஒரு கோப்பைத் தேநீர். அவ்வளவே. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது உள்ளே போனால் மூடும்போதுதான் வெளியே வருவார். மதிய உணவு கிடையாது. இரவில் பசி தாங்காத வேளையில், நண்பர் ஒருவர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து நான்கை எடுத்துத் தகரத் தட்டில் சுட்டு, ஒரு கோப்பைப் பாலோடு உண்டு, மறுபடி படிக்க உட்காருவார். அந்தப் பெண்மணியைப் பற்றிப் பிற்காலத்தில் அவர் கசப்போடு நினைவுகூர்ந்ததுண்டு. எனினும் அவர் கொடுத்த சிறிய மீன் துண்டு, வாடகை கொடுத்த எல்லோருக்கும் ஒரே அளவில் சிறியது. பசியைத் தாங்க முடிந்த அம்பேத்கர், பரோடாவின் மாடி அறையை நினைத்தபோது கண்ணீர் விடாமல் இருக்க முடியவில்லை என்று எழுதினார். பிறகு அவர் குடியிருந்த வீடு லண்டன் பிரிம்ரோஸ் ஹில்லில், கிங் ஹென்றி சாலை 10ஆம் எண்ணில் உள்ளது. 2015இல் மகாராட்டிர அரசு அதை வாங்கியது. பரோடா சத்திரத்தைத் தேடிப் போகிறவர்கள் அந்தப் பூங்காவோடு நின்றுவிட நேர்கிறது.

1930இல் கொலம்பியாவின் முன்னாள் மாணவர் இதழுக்கு எழுதியபோது, வாழ்வில் தமக்குக் கிடைத்த சிறந்த நண்பர்களுள் சிலர் அங்கு உடன் பயின்றோரும், டூயி, ஷாட்வெல், செலிக்மன், ராபின்சன் ஆகிய பேராசிரியர்களுமே என்று அவர் குறிப்பிட்டார். சௌதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தி மூன்றாண்டுகள் கழிந்து, நாசிக் காலாராம் கோயில் வாசலில் மக்கள் போராடிக்கொண்டிருந்த ஆண்டு அது.

இன்று தலித் மாணவர்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். தனி விடுதி அறைக்குப் பணம் போதாமல், நான்கைந்து இந்திய மாணவர்கள் சேர்ந்து வீடெடுக்கும் வழக்கமே மிகுதி. முதல் வாரத்தில் பாத்திரங்களைப் பங்கிடும்போதே கேள்விகள் தொடங்கிவிடும். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள், முழுப்பெயர் என்ன என்று அவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும். தம் அனுபவம் இதுவே என்று சொல்லும் மாணவர்களைப் பலரும் அறிவோம். லிவிங்ஸ்டன் மண்டபத்தில் அம்பேத்கருக்குக் கிடைத்த ஓய்வு அவர்களுக்குக் கிடைப்பது, சமையலறையில் உடன் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

வைசிராயின் நிர்வாக அவையில் உறுப்பினரானதும், 1942 அக்டோபரில் லின்லித்கோ பிரபுவுக்கு அளித்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்களின் அயல்நாட்டுக் கல்விக்கென அரசு தனியே நிதி ஒதுக்க வேண்டும் என்று அம்பேத்கர் கோரினார். ஒரு மன்னரின் தயவால் தமக்குக் கிடைத்ததை மக்களின் உரிமையாக்கும் முயற்சி அது. விடுதலைக்குப் பின், 1954-55இல் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் அதன் விதிகளில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவர்களுக்கு இனி அந்த உதவித்தொகை இல்லை என்றது அந்த விதி. இவற்றைப் படிக்க அயல்நாடு போக வேண்டியதில்லை என்பது ஒன்றிய அரசு சொன்ன காரணம். அந்த விதி 1916இல் இருந்திருந்தால், கோல்டன்வைசரின் கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட கட்டுரையை எழுத அம்பேத்கருக்கு உதவித்தொகை கிடைத்திருக்காது.